சிலேட்டுக்கு ஒரு கங்காணி

1922 ஜூலை 10, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூரையில் ஆணி கழன்ற தகரம் காலை முழுக்க டமார் டமார் என்று. ஆணி கேட்டு மூன்று வாரம். ஆணி வரவில்லை. சிலேட்டும் வரவில்லை.

பதுளைக் கடைக்கார நானா இரண்டு டஜன் கட்டி வைத்திருக்கிறார், என் கண்ணாலேயே பார்த்தேன். தோட்டத்து வண்டி வாரம் இருமுறை பசறை ரோட்டில் போய் வருகிறது. துரை வீட்டுக்கு மாவு வருகிறது, பிஸ்கட் வருகிறது, குதிரைக்குக் கொள்ளு வருகிறது. சிலேட்டுக்கு மட்டும் வண்டியில் இடமில்லையாம். சொன்னவர் பெரிய கணக்கப்பிள்ளை. (இனி க.பி. முழுதாக எழுதும் மரியாதை இன்று எனக்கு இல்லை.)

இருப்பு: சிலேட்டு ஆறு. பிள்ளைகள் நாற்பத்தொன்று. பெஞ்சு நாலு, ஒன்றுக்குக் கால் இல்லை. மற்றவர்கள் சாக்கில்.

இன்றும் சிலேட்டுக்காக அடிதடி. ஒருத்திக்கு உதடு கிழிந்தது. கத்திக் கத்தி என் தொண்டை போயிற்று. முன்பக்கம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு, பின்பக்கக் கொட்டகையில் நான். எங்கே சத்தம் அதிகம் என்று வெளியாருக்குத் தெரியாது.

முடிவு செய்துவிட்டேன். சிலேட்டுக்கு ஆறேழு பேராக ஆறு கும்பல். சேர்ந்து உட்கார்ந்து, சேர்ந்து யோசித்து, சேர்ந்து கணக்குப் போட வேண்டும். எப்படிச் சொன்னால் இதுகளுக்குப் புரியும் என்று யோசித்தேன். விடியலில் ஆள் எண்ணுகிற பெரட்டு புரியும். வேலை வாங்குகிற கங்காணி புரியும். தினமும் விடிந்தால் பார்ப்பது அதைத்தானே. ஆகவே கும்பலுக்கு ஒரு கங்காணி. காலையில் பெரட்டு: கங்காணி தன் ஆட்களை எண்ணி என்னிடம் சொல்ல வேண்டும். சிலேட்டுச் சரியாக இருந்தால் கும்பலுக்கே முழுப்பேர். தப்பு இருந்தால், மலையில் கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலிதான் என்று போடுகிறார்களே, அதே அரைப்பேர். ரெஜிஸ்டரில் பென்சிலால் குறிப்பு.

நிஜக் கங்காணியின் மகன் ஒருத்தன் இருக்கிறான். அவனைக் கங்காணி ஆக்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. மூணாம் சிலேட்டுக்கு மாரிமுத்துவை வைத்தேன். வயது பதினொன்று. போன வருஷம் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவை அங்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். பையன் வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம் தைரியம் வரட்டும் என்று.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர். தேதி சொல்லமாட்டார்களாம். திருடனைப் பிடிக்க வருகிற மாதிரி வருவார்.

ஜூலை 12, புதன்

காற்று. கண்ணெல்லாம் மண்.

பள்ளிக்கூடம் அமைதி. தகரம் அடிக்கிற சத்தம் மட்டும். ஆறு கங்காணிகளும் பெரட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏழு ஆளு, எல்லாம் வந்திருச்சுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

க.பி. வாசலில் நின்று பார்த்தார். "இப்பத்தாம்மா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு. முன்னாடி சந்தை மாதிரியில்ல இருந்துச்சு." அந்த மனிதர் வாயிலிருந்து நல்ல வார்த்தை. ஆணி கேட்டேன். காது கேட்காதவர் போலப் போனார்.

நீல ரவிக்கையின் தோள் கிழிந்துவிட்டது. நூல் வாங்க வேண்டும்.

ஜூலை 14, வெள்ளி

மூணாம் சிலேட்டு நாலு நாளாக முழுப்பேர். ஒரு தப்பு இல்லை. எழுத்து முத்து முத்தாக. செல்லாயி எழுத்து. ஒன்பது வயதில் இப்படி ஒரு கை எங்கிருந்து வந்ததோ. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. நான் படித்த பதுளை போர்டிங் பள்ளியில் இவளைச் சேர்க்க முடியுமானால் ஐந்து வருஷத்தில் எனக்குப் பதில் இங்கே நிற்பாள். இன்ஸ்பெக்டர் வரும்போது இவளை முன்னால் நிறுத்த வேண்டும். போர்டிங்கை நடத்தும் மிஷன் அம்மாவுக்கு அதற்குப் பிறகு எழுதலாம். இப்போது எழுதினால் நம்பமாட்டார்.

தண்ணீர்ப் பானையும் இவள்தான் நிரப்புகிறாள். தானாகவே செய்கிறாள், கெட்டிக்காரி.

சாக்கில் உட்கார்ந்த ஒரு வாண்டு இன்னொன்றிடம்: "பேசுனே, ஒனக்கு இன்னைக்கு அரைப்பேரு." வயது ஆறு இருக்குமா. திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

ஜூலை 17, திங்கள்

தலைவலி. நமுனுகுல மலை தெளிவாகத் தெரிகிறது, ஒரு துண்டு மேகம் இல்லை. ஓடையில் தண்ணீர் நூலாக.

இன்று மூணாம் சிலேட்டு அலங்கோலம். ஐந்து கணக்கில் நாலு தப்பு. எழுத்தும் கோழி கிளறினது போல. இன்ஸ்பெக்டர் இன்று வந்திருந்தால்! கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் மாரிமுத்துவைக் கேட்டேன்: "உன் கும்பலை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதா? நீ என்ன கங்காணி?" கும்பல் முழுவதற்கும் அரைப்பேர். மற்ற ஐந்து கும்பலும் சிரித்தது. நான் தடுக்கவில்லை.

அவன் முகம் கறுத்துப்போயிற்று. கறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 19, புதன்

செல்லாயி இரண்டு நாளாக வரவில்லை. மாரிமுத்து பெரட்டில், "ஆறு ஆளு. எல்லாம் வந்திருச்சுங்க" என்றான். ஏழாவது எங்கே என்றேன். "காய்ச்சலுங்க."

மூணாம் சிலேட்டில் இன்று ஒன்றுமே இல்லை. வெறும் சிலேட்டு. சந்தேகம் வந்து ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். ஏழும் ஐந்தும் எத்தனை. ஒருவருக்கும் தெரியவில்லை. பேர் எழுது என்றேன். ஆறில் இரண்டு பேர் முதல் எழுத்து வரை வந்து நின்றுவிட்டார்கள். மாரிமுத்து சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு கோடு இழுத்தான். அவ்வளவுதான். பதினோரு வயது. ஒரு வருஷமாக என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நான் பார்க்கவே இல்லை!

மெல்ல மெல்லக் கறந்தேன். அத்தனை முழுப்பேரும் செல்லாயி ஒருத்தி எழுதியது. மற்ற ஆறு பேரின் வேலை விவரம்: ஒருத்தன் சிலேட்டைப் பிடிப்பான். ஒருத்தன் துடைப்பான். ஒருத்தி நான் வருகிறேனா என்று பார்ப்பாள். மற்றவர்கள் கை கட்டி உட்கார வேண்டும், பேசினால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மாரிமுத்து நடந்து நடந்து பார்வையிடுவான். எழுதுவது செல்லாயி. தண்ணீரும் செல்லாயி, ஏனென்றால் அவள் வாய் சும்மா இருக்காது.

எங்கே கற்றான் என்று கேட்க வேண்டுமா. தினமும் மலையில் நடப்பதுதானே இது.

மாரிமுத்துவை அடித்தேன். மூன்று அடி. அழவில்லை. அதற்காக இன்னொன்று போட்டேன். எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 20, வியாழன்

செல்லாயியைப் பார்க்க லயத்துக்குப் போனேன், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு. நான்காவது காம்பரா அவர்கள் அறை. செல்லாயிக்குக் காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்து தம்பிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடி, ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். குடும்பத்துக் காகிதங்கள் வைக்கிற டின். அதிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுத் தாளை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அப்படியே பார்த்து எழுதுகிறேன். என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டாள்.

"செல்லாயி. மூணாம் சிலேட்டு. வேலையில் கவனம் இல்லை. பாக்கி ஏதும் இல்லை. இன்றோடு நின்றுகொள்ள வேண்டியது. மாரிமுத்துக் கங்காணி."

பத்துச்சீட்டு. ஆளை வேலையை விட்டு நிறுத்தித் தோட்டத்தை விட்டு அனுப்பும்போது துரை கொடுக்கிறாரே, அதே பத்துச்சீட்டு. என் பள்ளிக்கூடத்தில். என் ரெஜிஸ்டரின் கடைசித் தாளில் கிழித்தது, சிவப்புக் கோடு தெரிகிறது.

எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"இதை யார் எழுதினது?"

"நாந்தாம்மா. மாரிமுத்துக்கு எழுத வராதுல்ல. அவன் சொன்னான், நான் எழுதினேன்."

"உன்னை நிறுத்துகிற சீட்டை நீயே எழுதினாயா?"

"கங்காணி சொன்னா எழுதணும்ல?"

என்ன தப்பு செய்தாய் என்று கேட்டேன். திங்கட்கிழமை பலப்பத்தைப் பூமாலையிடம் கொடுத்தாளாம். (பூமாலை ஆறு வயது, அந்தக் கும்பலில் சிறியவள்.) "அதுக்கு எழுதணும்னு ஆசையா இருந்துச்சும்மா. அப்புறம் எல்லாரும் கேட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். தப்பாயிருச்சு."

அன்றைக்குத்தான் நான் அரைப்பேர் போட்டேன். கூடிப் படித்த ஒரே நாளுக்கு.

அவள் அம்மா மலையிலிருந்து வந்தாள். வள்ளியம்மை, தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம் அப்படியே. கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"ஏம்மா, மலையில ஒரு கங்காணி, லயத்துல ஒரு கங்காணி. பள்ளிக்கூடத்துலயுமா? அதுக்கு அது மலைக்கே வந்துட்டா பேராவது விழும்ல. மாசம் பொறந்தா செக்ரோல்ல பேரு குடுத்துறதுன்னு அவுங்கப்பா சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

"பையன் விளையாட்டாகச் சொன்னதை..."

"பையன வச்சது யாருங்க?"

திரும்பி வரும் வழியில் யாரோ கும்பிட்டார்கள், யார் என்று பார்க்கவில்லை.

மாசம் பிறக்கப் பன்னிரண்டு நாள். செக்ரோலில், அந்தக் கூலிப் பதிவில், பேர் ஏறிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 21, வெள்ளி

ஆபீசுக்குப் போனேன். வெளியே ஒரு மணி நேரம் நிற்க வைத்தார் க.பி. உள்ளே யாருமில்லை, அவர் மட்டும்தான்.

செல்லாயி பெயரை ஏற்ற வேண்டாம், ஒன்பது வயது என்றேன். "பத்துன்னு எழுதிக்கலாம்மா. சீசன் நேரம். கச்சான் கொழுந்துக்குத்தான் லண்டன்ல வெலை. கையி கெடச்சா விடுவாங்களா?" படிப்பில் முதல் பிள்ளை என்றேன். "நல்லதாப்போச்சு. சொன்னத கேக்கும்." துரையைப் பார்க்க வேண்டும் என்றேன். துரை மொனராகலைக் காட்டுக்கு வேட்டைக்குப் போயிருக்கிறாராம்.

கிளம்பும்போது சொன்னார்: "நீங்க செஞ்ச ஏற்பாடு ரொம்ப நல்ல ஏற்பாடும்மா. இப்பவே பழகிட்டா பின்னால நமக்குக் கஷ்டமில்ல. துரைகிட்டயும் சொல்லியிருக்கேன்."

கோபம்தான். அவர் மேல் இல்லை. அவர் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நான்தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தவள்.



ஜூலை 24, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் மாரிமுத்துவை நிறுத்தினேன். பிரம்பை வெளியே வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

சீட்டில் இருந்த வாசகம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "வேலையில் கவனம் இல்லை. பாக்கி ஏதும் இல்லை. இன்றோடு நின்றுகொள்ள வேண்டியது." அவன் அப்பாவின் சீட்டு. கொஸ்லந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெரட்டில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாராம். வேறு தோட்டத்தில் வேலை கேட்கும்போதெல்லாம் அங்கங்கே கணக்கப்பிள்ளைகள் திரும்பப் படித்தார்களாம். பையனுக்கு ஒரு எழுத்து எழுத வராது, அது மட்டும் மனப்பாடம்.

"அப்பா என்ன செய்தார்?"

"ஒண்ணும் செய்யலீங்க. தன் நிரை வேலையில பிந்திட்டாரு. அதுக்குக் கங்காணிய துரை ஏசினாரு. கங்காணி சீட்டு வாங்கிக் குடுத்துட்டாரு."

பிறகு, என்னைப் பார்க்காமல்: "நீங்க என்னைய ஏசினீங்கள்ல."

எவ்வளவு சரியாகப் பாடம் படித்திருக்கிறான். நான் ஏசினேன், அவன் சீட்டுக் கொடுத்தான். பதினோரு வயதுப் பிள்ளையை நாலு அடி அடித்தேனே, யாரை அடித்திருக்க வேண்டும்? இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. துரை மேல் கொட்ட அவர் ஊரில் இல்லை.

ரெஜிஸ்டரில் இருந்த அரைப்பேர்க் குறிகளை எல்லாம் ரப்பரால் அழித்தேன். இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. கிழியட்டும்.

ஜூலை 25, செவ்வாய்

இனிக் கங்காணி கிடையாது, பெரட்டு கிடையாது என்று சொன்னேன். கொட்டகை அப்படியே அரண்டு போயிற்று. ஒரு பெண் எழுந்து மிகுந்த கவலையோடு கேட்டாள்: "அப்ப யாரும்மா எங்கள ஏசுறது?"



எட்டு மணிக்கு முதல் சண்டை. எட்டரைக்கு இரண்டாவது. ஒன்பதுக்கு ஐந்தாம் சிலேட்டு இரண்டு துண்டு. இப்போது முழுச் சிலேட்டு ஐந்து; ஐந்தாம் கும்பலுக்கு அந்தத் துண்டுகள்தான். க.பி. எட்டிப் பார்த்து, நாக்கால் ஒரு 'த்சு' போட்டுவிட்டுப் போனார்.

சேர்ந்து படியுங்கள், சேர்ந்து படியுங்கள் என்று கத்துகிறேன். சேர்வது என்றால் எப்படி என்று இதுகள் எங்கே பார்த்தன? நான்தான் எங்கே பார்த்தேன்? போர்டிங்கில் எங்களைப் பக்கத்தில் இருப்பவள் பார்க்காதபடி சிலேட்டை மறைத்துக்கொள்ளச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

ஜூலை 26, புதன்

மத்தியானம் தகரத்துக்கு நானே ஆணி அடித்தேன். ஆணி நானா கடைக்குச் சொல்லி அனுப்பி வாங்கியது, என் கணக்கில். ஏணியில் நிற்கும்போது மடுவத்தின் முன்பக்கம் தெரிந்தது. பெண்கள் கொழுந்து நிறுக்க வரிசையில். நடுவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, ஏழோ எட்டோ மாதம். கூடை பாதிதான். முன்னால் நின்றவள், க.பி. தராசைப் பார்த்துக் குனிந்த நேரம், தன் கூடையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து அவள் கூடையில் போட்டாள். பின்னால் நின்றவள் ஒரு பிடி. பக்கத்து வரிசை ஒரு பிடி. ஒருவர் முகமும் மாறவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அவள் தராசுக்குப் போவதற்குள் கூடை நிறைந்துவிட்டது. முழுப்பேர்.

பிடி போட்டவர்களில் ஒருத்தி வள்ளியம்மை. நிமிர்ந்தவள் ஏணியில் என்னைப் பார்த்துவிட்டாள். பிறகு வந்து கேட்டாள்: "பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எங்கயும் எழுதி வைக்காதீங்க."

எழுதிவிட்டேன். இது ஒருவர் கண்ணிலும் படாது.

எத்தனை வருஷமாக இந்த மடுவத்துக்குப் பின்னால் நின்று கத்துகிறேன். முன்பக்கம் ஒரு நாள் வந்து பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குள் எதைக் கொண்டுவரலாம் என்று தேடி, இந்தத் தோட்டத்தில் இருப்பதிலேயே கேடுகெட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நாளை முதல் புதுச் சட்டம். ஒன்று: ஆளுக்கு ஒரு வரி. பலப்பம் கை மாற வேண்டும், ஒரே கை எழுதிய சிலேட்டை நான் தொடமாட்டேன். இரண்டு: கும்பலில் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்பேன். அவருக்குத் தெரியவில்லை என்றால் மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கும் வரை காத்திருப்பேன். மூன்று: கும்பலில் எல்லோரும் பார்த்த பிறகுதான் சிலேட்டை அழிக்கலாம்.

ஜூலை 28, வெள்ளி

அருவருப்பான சிலேட்டுகள். ஒரு சிலேட்டில் ஆறு விதக் கையெழுத்து, ஆறு பக்கம் சாய்ந்து. இன்ஸ்பெக்டர் பார்த்தால் என் வேலை போகும்.

மாரிமுத்துவின் வரி வந்ததும் பலப்பத்தைத் தூக்கி எறிந்தான். மற்ற ஐந்து பேரும் காத்திருந்தார்கள். நானும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், இது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கடைசியில் பூமாலை எழுந்துபோய்ப் பலப்பத்தைப் பொறுக்கி வந்து, அவன் விரலை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கி வைத்தாள். "இப்புடி. செல்லாயி அக்கா சொல்லிக் குடுத்துச்சு." 'ம' எழுதினான். தலைகீழாக. பூமாலை திருத்தினாள். மறுபடி. பதினொரு மணி வரை அந்த ஒரு எழுத்து.

விடும்போது என்னிடம் வந்து கேட்டான்: "அந்தச் சீட்ட நான் திருப்பி வாங்கிக்கலாமுங்களா?"

கேட்டுப் பார் என்றேன்.

ஜூலை 30, ஞாயிறு

அவன் கேட்டானாம். கொடுக்கவில்லையாம்.

நானே போனேன். செல்லாயி டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். கிழித்துப் போடு, அது செல்லாது என்றேன்.

"கிழிச்சா வேற எடத்துல எடுக்கமாட்டாங்களேம்மா." அவள் அப்பாவும் தலையாட்டினார். சீட்டு இல்லாத ஆளை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். இந்த வீட்டில் இருக்கும் ஒரே சொத்து இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

"வேற பள்ளிக்கூடம் எங்கம்மா இருக்கு? சீட்டு வச்சிருக்கேன்ல."

பதுளையில் இருக்கிறது. பதினாலு மைல். போர்டிங் மிஷன் அம்மாவுக்கு வியாழக்கிழமையே எழுதிவிட்டேன், இடமில்லை என்று பதில் நேற்று வந்தது. அதைச் சொல்லவில்லை. வேறு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

திரும்ப என் பள்ளிக்கூடத்துக்கே வா என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அப்பாதான் பதில் சொன்னார், மரியாதையாக, எழுந்து நின்று: "பேரு குடுத்தாச்சுங்க. கணக்கப்பிள்ளை எழுதிக்கிட்டாரு. இப்ப இல்லேன்னா எங்க மேல வரும்." செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போக வேண்டும். சின்னக் கூடை ஒன்று வாசலில் காய்ந்துகொண்டிருந்தது, புதுப் பிரம்பு.

ஒரு சிலேட்டுக்குப் போட்ட அரைப்பேர் இங்கே வந்து நிற்கிறது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

தப்பு மேளச் சத்தம் கேட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். எனக்கு அங்கே வேலையில்லை. க.பி. பெயர் கூப்பிட்டார். "செல்லாயி." கூட்டத்தில் எங்கிருந்தோ, "வந்துட்டேங்க." பள்ளிக்கூடத்தில் சொல்கிற அதே குரல். அம்மாவுக்குப் பின்னால் மலை ஏறிப் போனாள். கூடை முழங்காலுக்குக் கீழே தொங்கிற்று.

பள்ளிக்கூடம் ஏழுக்கு. காற்று இல்லை, அதிசயமாக. ஐந்து கூட்டல் கணக்குக் கொடுத்தேன். எட்டரைக்கு எல்லாக் கும்பலும் முடித்தார்கள். மூணாம் சிலேட்டில் முதல் வரி மாரிமுத்து. கோணல்தான், ஆனால் எண். எட்டிப் பார்த்து, ஐந்தும் சரி என்று தலையாட்டினேன். அழியுங்கள், அடுத்து சொல்வதெழுதுதல் என்றேன்.

மற்ற எல்லாச் சிலேட்டும் அழிந்தது. மூணாம் சிலேட்டு அழியவில்லை. மாரிமுத்து அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு படி கோபம் ஏறியது. அழிக்கச் சொன்னேன்.

"செல்லாயி இன்னும் பாக்கலீங்க."

"செல்லாயி பள்ளிக்கூடத்தில் இல்லை."

"மூணாம் சிலேட்டுல இருக்காளுங்க. எல்லாரும் பாத்தாத்தான் அழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

கை ஓங்கிவிட்டது. இறக்கிக்கொண்டேன். அந்தக் கும்பல் ஆறு பேரும் பதினொரு மணி வரை சொல்வதெழுதுதலைத் தரையில், மண்ணில், விரலால் எழுதினார்கள். ஒருவர் முணுமுணுக்கவில்லை. பூமாலைக்கு விரல் நுனி சிவந்துவிட்டது.

சிலேட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். பூட்டும்போது மாரிமுத்து சட்டைக்குள் வைத்துக்கொண்டு நழுவுவதைப் பார்த்தேன். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக் கொழுந்து நிறுவை. மடுவத்து வரிசையில் அம்மாவுக்கு முன்னால் செல்லாயி. கன்னத்தில் செடி கீறிய கோடு. ஆறு பேரும் வரிசை ஓரமாகப் போய் நின்று சிலேட்டை அவள் முன்னால் பிடித்தார்கள். விரல் கறுத்திருந்தது, பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தாள்.

"மொத வரி யாரு?"

"நாந்தான்" என்றான் மாரிமுத்து.

"சரியா இருக்கு." பிறகு, "நாலாவது தப்பு. பத்துக்கு மேல போனத மறந்துட்டீங்க."

தப்புதான். ஆறு பேரும் பார்த்தது. நானும் பார்த்துத் தலையாட்டியது.

"வரிசையில என்னா பள்ளிக்கூடம்?" என்று க.பி. அதட்டினார். பிள்ளைகள் கலைந்தார்கள். அதற்குள் முன்னும் பின்னும் நின்ற பெண்கள் சின்னக் கூடையில் ஆளுக்கு ஒரு பிடி போட்டுவிட்டிருந்தார்கள். கூடை தளும்பத் தளும்பத் தராசுக்குப் போயிற்று. க.பி. எடையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "சிறுசு. அரைப்பேரு."

எத்தனை பிடி போட்டாலும் அரைப்பேர்தான்.

வீட்டுக்கு வந்து ரெஜிஸ்டரைத் திறந்தேன். செல்லாயிக்கு நேரே இன்றைய கட்டம் காலி. சட்டப்படி வரவில்லை என்று போட வேண்டும்.

மையில் எழுதினேன்: முழுப்பேர். இன்ஸ்பெக்டர் வரட்டும், கேட்கட்டும்.